ஓர் அறை பின்னால்

வீட்டுக்குள் யாரும் இல்லை. இருந்த மூன்று பேரும் வெளியே முற்றத்தில்தான் நின்றிருந்தார்கள். அப்படியிருந்தும் எபினேசரின் போனில் 'அடுக்களை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"மூசா, உள்ள யாரோ நடமாடுற மாதிரி காட்டுதே."

மூசா எட்டிப் பார்த்தான். போடியில் கேமராவும் அலாரமும் மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறவன். ஸ்குரூ டிரைவரைக்கூட இன்னும் பைக்குள் போடவில்லை. "பல்லியா இருக்கும்ணே. இப்பத்தான நெட்டுல இணைச்சிருக்கோம். ரெண்டொரு நாள் தடுமாறும், பெறகு சரியாயிரும்."

"என் அடுக்களையில பல்லிக்கு என்ன சோலி?" என்று ராஜாத்தி சிரித்தாள். "நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்பத் தேடுதாக்கும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி அணைந்தது. எபினேசருக்கு மட்டும் பிடரியில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. சற்று முன் அவர்கள் மூவரும் அடுக்களையின் பக்கக் கதவு வழியாகத்தான் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வந்த வழியே, அவர்கள் வந்த பிறகு, பல்லியும் வந்திருக்கிறது போல.

ராஜாத்தி அவனுடைய அக்கா. தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் ஏலத்தோட்டத்தைத் தானே பார்க்க ஆரம்பித்தவள், கடைசிவரை மலையை விட்டு இறங்கவில்லை. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, மலைச்சாலையை விட்டு ஜீப்புத் தடம் இறங்கும் சரிவில் அந்த வீடு. எபினேசர் கீழே போடியில் ஏலக்காய் வியாபாரம். மேலே விளைவதை அக்கா அனுப்புவாள், கீழே இவன் விற்பான்.

போன காய்ப்பில் யாரோ ஸ்டோர் பூட்டை உடைத்து, உலர்த்தி வைத்திருந்த மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டில் பாதுகாப்புப் பேனல் மாட்டினான். அறைக்கு ஒரு சென்சார், கதவுக்கு ஒரு சென்சார், கூரை மேல் ஒரு சைரன். ஆனால் மலையில் சைரன் அலறி யாருக்குக் கேட்கும்? கூலிக்காரர்கள் இருக்கும் லயம் ஏலச்செடிகளைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம். சத்தம் பாதி வழியிலேயே மலையை மூடும் மஞ்சுக்குள் அமுங்கிப் போகும். அதனால்தான், சாலையோரக் கம்பங்கள் வழியாக இன்டர்நெட் கேபிள் மேலே ஏறியதும், மூசாவைக் கூட்டிக்கொண்டு வந்து பேனலை நெட்டில் இணைத்தான். பேனலில் இருந்து பக்கத்தில் உள்ள ரௌட்டருக்கு ஒரே ஒரு நீல வயர். அவ்வளவுதான் வேலை. அந்த வயரைச் செருகிய நிமிடத்தில் இருந்து அக்காவின் வீடு எபினேசரின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்கூடம், அடுத்து படுக்கையறை, அடுத்து சாப்பாட்டறை, அடுத்து அடுக்களை, கடைசியில் சாக்கறை. ஒன்றைக் கடந்துதான் இன்னொன்றுக்குப் போக முடியும். அடுக்களையில் மட்டும் முற்றத்துக்கு ஒரு பக்கக் கதவு. காலிச் சாக்குகளும் உர மூட்டையும் கிடக்கும் சாக்கறைக்கு வேறு கதவு கிடையாது. அதன் சுவரில்தான் பேனல். உயிரும் சூடும் உள்ள ஏதாவது ஓர் அறையில் அசைந்தால் அந்த அறையின் புள்ளி எரியும். அசைவு நின்றால் சற்று நேரத்தில் தானாக அணையும். கேமரா வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "நான் கொண்டை முடியுறதெல்லாம் நீ பாக்கணுமாடா?"

முதலில் அது அவனுக்கு ஒரு சுகமாகத்தான் இருந்தது. போடிக் கடையில், காய் சலிக்கும் பெண்கள் முறத்தைத் தட்டும் சத்தத்துக்கு நடுவில், பச்சை ஏலக்காயின் வாசனை மூக்கிலும் துணியிலும் ஏறிக் கிடக்க, அவன் போனை எடுத்துப் பார்ப்பான். காலையில் படுக்கையறைப் புள்ளி எரியும். பிறகு சாப்பாட்டறை. பிறகு அடுக்களை. அங்கே வெகுநேரம் நிற்கும். அக்கா காப்பி போடுகிறாள். அந்தப் புள்ளியில் அவளுடைய நடையே தெரிவது போல இருந்தது: இடுப்பில் கையூன்றி, முணுமுணுத்த ஒரு கீர்த்தனையோடு, அடுப்பைப் பார்த்து நிற்கிற அக்கா.

"அக்கா எந்திரிச்சிட்டா" என்பான் மனைவியிடம்.

"பாவம் உங்கக்கா" என்பாள் ஜாக்குலின். "ஒரு ரூமுக்குள்ள நிம்மதியாப் போக விடுறீங்களா?"

ஒரு காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கையறை எரிந்தது, அணைந்தது. சாப்பாட்டறை எரிந்தது, அணைந்தது. அடுக்களை எரிந்தது. சரி, காப்பி. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தான். அடுக்களை எரிந்துகொண்டிருந்தது. அதோடு, அணைந்து போயிருந்த சாப்பாட்டறையும் மறுபடி எரிந்தது.

அவன் போன் போட்டான்.

"என்னடா தம்பி, விடியக்காலையில?"

"எங்கக்கா இருக்க?"

"எங்க இருப்பேன்? அடுப்படியிலதான். பால் பொங்கப் போகுது, சொல்லு வெரசா."

"கூட யாரும் இருக்காங்களா?"

"யாரு இருக்கா? மூக்கம்மா இன்னும் வேலைக்கே வரல." அவள் பால் சட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. "ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. பேனல் சரியா வேல செய்யுதான்னு பாத்தேன்."

பேசி முடித்தபோது சாப்பாட்டறை அணைந்திருந்தது.

மூசாவை மறுபடி மேலே அனுப்பினான். மூசா போய்ப் பூச்சி, எலி, சன்னல் வெயில் எல்லாவற்றையும் பார்த்தான். சென்சார்களைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். ஒரு வாரம் கழித்து ரௌட்டரையும் மாற்றினான். ஒன்றும் மாறவில்லை. "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேண்ணே" என்று கடைக்கு வந்து சொன்னவன், காப்பியைக் குடிக்காமலே எழுந்தான். "அக்காவ கொஞ்ச நாளைக்குக் கீழ கூட்டியாந்துருங்களேன்." ஏன் என்று எபினேசர் கேட்கவில்லை.

பார்க்கப் பார்க்க எபினேசருக்கு அதன் போக்கு பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதுதான் கெட்டதாகப் போயிற்று. அது எப்போதும் அக்காவுக்கு ஓர் அறை பின்னால் இருந்தது. அவள் அடுக்களையில் இருந்தால் அது சாப்பாட்டறையில். அவள் சாக்கறைக்குப் போனால் அது அடுக்களையில். அவள் உட்கார்ந்தால் அதுவும் அசைவதை நிறுத்திவிடும், புள்ளி அணைந்துவிடும். அவள் எழுந்தால் எழும். அவள் திரும்பி வரும்போது மட்டும், அவள் நுழையப் போகும் அறையில் ஒன்றும் எரியாது. ஒதுங்கி வழிவிடுவது போல. அவள் கடந்து போன பிறகு, மறுபடி பின்னால்.

தொடக்கத்தில் அவள் ஓர் அறையை விட்டு வெளியேறி, ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரமாவது கழிந்துதான் அந்த அறை மறுபடி எரியும். பிறகு அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. மழைக்காலம் பிடித்த பிறகு, அவள் கால் வாசற்படியைத் தாண்டியதும் பின்னால் எரிந்தது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? உன் முதுகுக்குப் பின்னால் ஒன்று நடக்கிறது, அதை நான் போடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றா? அவன் சுற்றி வளைத்தான். ஜாக்குலினுக்கு உடம்பு சரியில்லை, வந்து கொஞ்ச நாள் இரு என்றான்.

"காய் பழுத்துக் கொட்டுது, இப்பப் போயி வான்னா எப்படி வருவேன்? அவளுக்குச் சுக்குத் தண்ணி வச்சுக் குடு" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவனே ஜீப்பில் ஏறிப் போனான். பகல் முழுக்க அங்கே இருந்தான். அக்கா அடுக்களையில் நாட்டுக்கோழியை வதக்க, இவன் சாப்பாட்டறையில் உட்கார்ந்து போனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தான். சாப்பாட்டறையில் ஒரு புள்ளி, அது இவன். அடுக்களையில் ஒரு புள்ளி, அது அவள். வேறு எங்கும் இல்லை. அறை அறையாக நடந்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். புகையேறிய ஓடுகள், ஈரம் பூத்த சுவர், அப்பாவின் பழைய குடைக்கம்பு. எல்லாம் பழகிய வீடு. மனசு லேசானது. வயிறு நிறையச் சாப்பிட்டான்.

திரும்பும்போது அக்கா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பாத்துப் போடா" என்று குரல் கொடுத்தாள். ஜீப்பு முதல் வளைவில் திரும்பியதும் அவன் போனை எடுத்தான். அடுக்களை எரிந்தது. அவன் அதுவரை உட்கார்ந்திருந்த சாப்பாட்டறையும் எரிந்தது.

அவன் போகட்டும் என்று அது காத்திருந்திருக்கிறது.

அந்த வாரம் மழை ஊற்றியது. கீழே போடியில் தூறல்தான். ஆனால் மேற்கே மலை இருந்த இடத்தில் மலையே இல்லை. கரிய மேகம் அடிவாரம்வரை இறங்கி நின்றது. மதியம் போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, பாறை உருண்டு, வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எபினேசர் போனைக் கல்லாப் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தான். வெளியே பட்டப்பகலில் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. சலிக்கும் பெண்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். முறம் தட்டும் சத்தம். தகரக் கூரையில் தூறல்.

முன்கூடம் எரிந்தது. அக்கா வெளியில் இருந்து வந்திருக்கிறாள். படுக்கையறை எரிந்தது. அவன் முன்கூடத்தையே பார்த்தான். இப்போது எரியும். இப்போது. எரியவில்லை. சாப்பாட்டறை எரிந்தது. படுக்கையறை அணைந்தது, மறுபடி எரியவில்லை. அடுக்களை எரிந்தது. பின்னால் எதுவும் இல்லை.

போய்விட்டதா? ஒரு மூச்சு அளவுக்கு அப்படித்தான் நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது. அது போகவில்லை. இடைவெளிதான் போய்விட்டது. அக்கா இருக்கும் அறையிலேயே அது இருக்கிறது.

போட்டான் போனை.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. ஏன் எதுக்குன்னு கேக்காத. பக்கக் கதவத் தெறந்து வெளிய போயிரு."

"இந்த மழையிலயா? என்னடா ஆச்சு ஒனக்கு?"

"உள்ள ஒன் கூட யாரோ இருக்காங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவள் பேசினாள்; அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அது யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல்.

"ஒனக்கும் தெரியுமாடா?"

"அக்கா…"

"கொஞ்ச நாளாவே. பின்னால வாசம் வருது. நனைஞ்ச மண்ணு வாசம். திரும்பிப் பாத்தா ஒண்ணுமில்ல. ஒங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்கிருவன்னு சொல்லல." அவள் குரல் இன்னும் தணிந்தது. "இப்ப மேல படுற மாதிரி இருக்குடா எபி."

"கதவத் தெற. லயத்துக்குப் போ. வேலுச்சாமி வீட்டுக்குப் போயிரு. நான் அவனுக்குச் சொல்றேன். போ அக்கா!"

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். போனின் மேல் ஓரத்தில் எழுத்து வந்தது: பக்கக் கதவு திறந்தது. பக்கக் கதவு மூடியது. அழைப்பு அறுந்தது. அந்த வீட்டுக்குள் டவர் எடுக்காது. நெட் வழியாகத்தான் பேச்சு. முற்றத்தைத் தாண்டினால்தான் டவர் கிடைக்கும். அவன் கங்காணி வேலுச்சாமியை அழைத்து, அக்கா வர்றாங்க, எதுக்க ஓடு என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்காவின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்தினான். அடுக்களைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும். அது உள்ளே. அக்கா வெளியே. தப்பித்துவிட்டாள். ஆண்டவரே, தப்பித்துவிட்டாள்.

புள்ளி அணைந்தது.

பக்கக் கதவு திறந்தது.

அவன் அந்த எழுத்தைப் பார்த்தபடி இருந்தான்.

பக்கக் கதவு மூடியது.

வெளியே போன எதுவோ, கதவைப் பதமாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. இனி அந்தச் சரிவில் ஏலச்செடிகளுக்குள், ஓடைக்கரையில், எங்கேயும் சென்சார் இல்லை. அவனால் பார்க்க முடிந்த ஓரிடத்தில் இருந்து, பார்க்கவே முடியாத இடத்துக்கு அவளை அவனே அனுப்பியிருக்கிறான்.

மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"வந்துட்டேன்டா. தடத்துல எறங்கிட்டேன்." மூச்சு வாங்கியது. இலைகள் மேல் மழை கொட்டும் சத்தத்தில் பாதி வார்த்தைகள் முழுகின. "இங்க நல்லாயிருக்கு. வாசமெல்லாம் இல்ல."

"ஓடு."

"எங்கிட்டு ஓட, வழுக்குது. ஏன்டா கத்துற?"

"அக்கா, திரும்பிப் பாக்காத. ஓடு."

நடை நின்றது. "வேலுச்சாமியா வர்றது?" என்றாள் அவள், போனில் அல்ல, வேறு யாரிடமோ. "பின்பக்கமா வர்ற?"

"அவன் ஒனக்கு எதுக்கதான் வருவான் அக்கா! பின்னால வர மாட்டான்! அக்கா!"

கடையில் முறங்கள் நின்றுவிட்டன. பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

மழை. மழை மட்டும். அதற்குள் ஒரு சின்னச் சத்தம், தூங்குகிற குழந்தையைத் தொட்டால் வருகிற மாதிரி, "ம்" என்று. அது அக்காவின் குரல்தான். அதன் பிறகும் அழைப்பு அறுந்து போகவில்லை. அவன் கத்திக்கொண்டே இருந்தான். நெடுநேரம் கழித்து யாரோ போனை எடுத்தார்கள்.

"மொதலாளி" என்றான் வேலுச்சாமி. "போனு தடத்துல கெடக்கு. அக்காவக் காணோம்."

தேடாத இடம் இல்லை. சாலை திறந்ததும் போலீஸ் வந்தது, வனத்துறை வந்தது. ஓடையில் இறங்கித் தேடினார்கள். யானை என்றார் ஒருவர். யானை வந்திருந்தால் செடி மிதிபட்டிருக்கும், ஒரு இலைகூட முறியவில்லை. தடத்து மண்ணில் அவளுடைய காலடிகள் மட்டும் பதிந்திருந்தன. ஓரிடம்வரை வந்தன. அதற்கு மேல் இல்லை. எபினேசர் பக்கக் கதவுக்கு வெளியில் இருந்து பெரிய பூட்டாகப் போட்டான், முன்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். போர்டில் மின்சாரத்தை அணைக்கவோ, பேனலைத் தொடவோ அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்தான். ஜாக்குலின் போனைக் கையில் இருந்து பிடுங்கி வைத்தாள். அவன் தேடி எடுத்துக்கொள்வான். பூட்டிய வீட்டின் ஐந்து எழுத்துகளும் அசைவில்லாமல் கிடக்கும்.

ஒரு காலையில் படுக்கையறை எரிந்தது.

பிறகு சாப்பாட்டறை. பிறகு அடுக்களை. அங்கே வெகுநேரம் நின்றது. காப்பி போடுகிற நேரம்.

அவன் அழுதுவிட்டான். ஜாக்குலினும் பார்த்தாள், பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எப்படியோ வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள் என்று நினைத்தான். பூட்டிய வீட்டுக்குள் எப்படி என்று நினைக்கவில்லை. பக்கத்துத் தேவாரம் ஊரில் இருந்து வந்திருந்த ஏலக்காய் லோடு அப்படியே கிடக்க, ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "என் போன்லயும் அது தெரியுற மாதிரி வச்சுட்டேன், நான் இங்கருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் ஜாக்குலின். "போன வைக்காதீங்க. அக்கா இல்லன்னா, அந்த வயரப் பிடுங்கிப் போட்டுட்டு வந்துருங்க. நம்மால இதப் பாத்துக்கிட்டு வாழ முடியாது."

அவன் போய்ச் சேரும்போது நடுப்பகல். மஞ்சு முற்றத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. வேலுச்சாமி முற்றம்வரை வந்தான். "உள்ள மட்டும் கூப்பிடாதீங்க மொதலாளி" என்று சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். முன்கதவின் பூட்டு போட்டது போட்டபடி துருவேறத் தொடங்கியிருந்தது. திறந்தான்.

"அக்கா?"

முன்கூடத்தில் ஆளில்லாத வீட்டின் குளிர். அவன் காலடி பட்டு எழும்பிய தூசி. தரையில் வேறு தடம் இல்லை. கையில் போன், நெட் வழியாக ஜாக்குலின் பேசிக்கொண்டே வந்தாள்.

"முன்கூடம் எரியுதுங்க. நீங்கதான?"

"நான்தான்."

படுக்கையறை. கட்டில் விரிப்பு மடிப்புக் கலையவில்லை. "அக்கா?" என்று மறுபடி கூப்பிட்டான். சாப்பாட்டறை. மேசை மேல் எறும்பு அரித்த சர்க்கரை டப்பா. அடுக்களை. அடுப்புச் சாம்பல் நனைந்து இறுகிக் கிடந்தது. இங்கே யாரும் காப்பி போடவில்லை. யாரும் இல்லை. பக்கக் கதவைத் தள்ளினான். அவன் போட்ட பூட்டு வெளியே கணகணத்தது.

"இல்ல ஜாக்குலின். யாருமில்ல. வயரப் பிடுங்கிட்டு வந்துர்றேன்."

பதில் இல்லை.

"ஜாக்குலின்?"

"நீங்க எந்த ரூம்ல இருக்கீங்க?"

"அடுக்களையில."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "சாப்பாட்டறை எரியுதுங்க."

அவன் திரும்பவில்லை.

"அதுக்குப் பின்னால…" அவள் குரல் தேய்ந்தது. "படுக்கையறையும் எரியுது. ரெண்டுங்க. ரெண்டு பேரு."

நனைந்த மண் வாசம் வந்தது. அதோடு, மெல்லியதாக, அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம்.

போவதற்கு ஒரே திசைதான் மிச்சமிருந்தது. அவன் சாக்கறைக்குள் போனான். சுவரில் பேனல் முணுக்முணுக்கென்று உயிரோடு இருந்தது. அதன் முகத்திலும் அறைக்கொரு சின்னச் சிவப்பு விளக்கு. சாக்கறை விளக்கு எரிந்தது, அது இவன். அடுக்களை எரிந்தது. சாப்பாட்டறை எரிந்தது.

"வராதீங்க… இல்ல, வெளிய வாங்க… அய்யோ, எப்படி வருவீங்க…" ஜாக்குலின் அழுதுகொண்டிருந்தாள். "அந்த வயரப் பிடுங்குங்க! பிடுங்கிட்டா நின்னுரும்! பிடுங்குங்க!"

நீல வயரைப் பிடித்து இழுத்தான். கழன்று வந்தது, பக்கத்தில் இருந்த ரௌட்டரும் கூடவே இழுபட்டுக் கீழே விழுந்து அணைந்தது. அவள் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.



பேனல் அணையவில்லை. போடிக்குப் போன வழிதான் போயிற்று. சுவருக்குள் ஓடும் கம்பிகள் எல்லாம் அப்படியே இருந்தன. சென்சார்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. இனி யாரும் அவனைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தடத்தில் நின்ற அக்காவை யாரும் பார்க்காதது போல.

சாப்பாட்டறை விளக்கு அணைந்தது.

வாசலைப் பார்த்து நின்றான். வாசலுக்கு அப்பால் அடுக்களை தெரிந்தது. அடுப்பு. சன்னலில் வெள்ளை மஞ்சு. ஒரு மனித நிழல்கூட இல்லை.

அடுக்களை விளக்கு அணைந்தது.

ஒரே ஒரு விளக்கு. சாக்கறை. அது நான்தான் என்று சொல்லிக்கொண்டான். நான் அசைந்தேன், அதனால் எரிகிறது. அசையாமல் நின்றால் அணைந்துவிடும். நின்றான். கையில் வயரோடு, சாக்குகளுக்கு நடுவே, மரம் மாதிரி. கண்ணை இமைக்கவில்லை. மூச்சை அடக்கினான். இப்போது அணையும். இப்போது.

எண்ணெய் வாசம் நெருங்கியது.

அவன் அசையவில்லை.

விளக்கு அணையவில்லை.